உடற்குறைக்கு ஒரு வரலாறு: தொலைக்காட்சி நாடகத்தில் ஹெக்டர் சலமாங்கா

கதைமாந்தரின் மனக்கோட்டத்தை அவர்தம் உடற்கோட்டத்தின் வாயிலாகப் புலப்படுத்துவது உலக இலக்கியங்கள் பலவற்றிலும் காணப்படும் பழைய உத்தியாகும். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் கூன்முதுகும் சூம்பிய கையும் உடையவனாக மேடையேறினான். 2012ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், வாகன நிறுத்துமிடம் ஒன்றின் அடியிலிருந்து அம்மன்னனின் எலும்புக்கூடு அகழ்ந்தெடுக்கப்பட்டது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தமை உறுதியாயிற்று. சூம்பிய கைக்கு அதில் சான்றில்லை. வளைவு மெய், எஞ்சியது கதைகட்டியோர் சேர்த்தது.

நம் நாட்டிலும் இதற்கு நிகரானவை உள. 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பான பி. ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில் சகுனியாக நடித்த கூஃபி பெயிண்டல் காலை இழுத்து நடந்தார். அந்நடை இன்றி இன்று சகுனியை நினைத்துப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. கம்பர் இவ்வகையில் நுட்பமானவர். இளமையில் இராமன் வில்லுண்டையால் தன்னை அடித்ததை மந்தரை நினைந்து கறுவுவதாகப் பாடியதன் மூலம், அவளது கூனைத் தீமையின் அடையாளமாக மட்டும் நிறுத்தாமல், ஒரு நிகழ்ச்சியோடும் ஒரு மனக்காயத்தோடும் இணைத்துவிடுகிறார். உடற்குறை அடையாளமாக நிற்பது வேறு. அதற்கு ஒரு வரலாறு இருப்பது வேறு. இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஹெக்டர் சலமாங்கா என்னும் குற்றக்குழுத் தலைவனின் பாத்திரப் படைப்பை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே பாத்திரம், மூன்று படிநிலைகள்

வின்ஸ் கில்லிகன் உருவாக்கிய 'பிரேக்கிங் பேட்' என்னும் நாடகம் 2008 முதல் 2013 வரை ஒளிபரப்பாயிற்று. வேதியியல் ஆசிரியர் வால்டர் ஒயிட் போதைப்பொருள் தயாரிப்பில் இறங்கி அழிவது அதன் கதை. 2009இல் வெளிவந்த இரண்டாம் பருவத்தில் ஹெக்டர் முதன்முறையாகத் தோன்றுகிறார். பாலைவனத்து வீடொன்றில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவர், பேச்சில்லை, நாற்காலியின் கைப்பிடியில் பொருத்திய மேசை மணியை ஒரு விரலால் தட்டுவதே அவரது மொழி. மருமகன் டூக்கோ அவரை 'டீயோ' என்று அழைக்கிறான். அது உறவுப்பெயர், ஸ்பானிய மொழியில் மாமன், சிற்றப்பன், பெரியப்பன் அனைவர்க்கும் அவ்வொரு சொல்லே. வால்டர் டூக்கோவின் உணவில் நஞ்சு கலப்பதைக் கண்ட முதியவர், மணியடித்துக் காட்டிக்கொடுக்கிறார்.

இந்த முதற்படியில் ஹெக்டர் பழைய மரபின் பிள்ளையே. உடல் ஏன் இவ்வாறாயிற்று என்பதற்கு விடையில்லை, பார்வையாளரும் கேட்பதில்லை. அடுத்த பகுதியில் போதைப்பொருள் தடுப்புத் துறையினர் அவரை விசாரிக்கின்றனர். விடையளிப்பதற்கு மாறாக அவர் இருந்த இடத்திலேயே மலங்கழித்துவிடுகிறார். காவல்துறைக்கு வாய்திறவாமை என்னும் குழுநெறியை உடலொன்றையே கருவியாகக் கொண்டு அவர் காத்தமை அக்காட்சியின் உட்கருத்து. ஆயினும் அது அருவருப்பையும் நகைப்பையும் கலந்து படைக்கப்பட்டுள்ளது. உடற்குறையுடையோரின் உடலை வேடிக்கைப் பொருளாக்கும் வழக்கத்திலிருந்து நாடகம் அவ்விடத்தில் விலகவில்லை என்றே கொள்ளவேண்டும்.

2010இல் ஒளிபரப்பான மூன்றாம் பருவத்தில், டூக்கோவின் சாவுக்குக் காரணமானவன் பெயரை ஹெக்டர் தன் மருமக்களான இரட்டையருக்கு எழுத்தெழுத்தாகத் தெரிவிக்கிறார். அதற்குப் பயன்படுவது இறந்தோரின் ஆவியுடன் பேசுவதாகக் கருதப்படும் எழுத்துப் பலகை! அதே பருவத்தின் பின்னோக்குக் காட்சியொன்றில் ஹெக்டர் நலமுடன், கொடுமையுடன், பேச்சுடன் தோன்றுகிறார். 2011இல் இரண்டாம் படி முழுமையடைகிறது. போதைப்பொருள் வணிகன் கஸ் ஃபிரிங்கின் உற்ற துணைவரான மேக்ஸை, நீச்சற்குளக் கரையில் கஸ்ஸின் கண்முன்னே சுட்டுக் கொன்றவர் ஹெக்டரே என்பது அப்போது வெளிப்படுகிறது. முதியோர் இல்லத்திற்கு வந்து, சலமாங்கா குடும்பத்தினர் ஒவ்வொருவராக மடிவதைச் சொல்லிச் சென்று, தன்னை நிமிர்ந்து பார்க்குமாறு கஸ் வற்புறுத்துவதன் பொருளும் அப்போதே விளங்குகிறது.

மூன்றாம் படி, முன்கதையாக 2015 முதல் 2022 வரை ஒளிபரப்பான 'பெட்டர் கால் சால்' நாடகத்தில் அமைகிறது. ஹெக்டர் நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் மாத்திரை உட்கொள்பவர். தன் தந்தையின் கடையைக் கடத்தலுக்குப் பயன்படுத்த ஹெக்டர் முற்பட்டதால், அவரிடம் பணிபுரியும் நாச்சோ அம்மாத்திரைகளின் உள்ளீட்டை மாற்றி, சாதாரண வலிநீக்கி மருந்தின் தூளை நிரப்பிவிடுகிறான். 2017ஆம் ஆண்டு மூன்றாம் பருவத்தின் இறுதிப் பகுதியில், இனிச் சரக்கு முழுவதும் கஸ்ஸின் வண்டிகளிலேயே வரும் என்று கேட்ட ஹெக்டர் வெகுண்டெழுந்து நிலைகுலைந்து வீழ்கிறார். அவரது நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பவர் யாரெனில், அவரை அழிக்கக் காத்திருக்கும் கஸ்ஸே.

ஆக்கப்பட்ட மௌனம்

2018இல் வந்த நான்காம் பருவமே ஆய்வுக்கு மிகுந்த இடந்தருவது. கஸ் தன் செலவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து சிறப்பு மருத்துவரை வரவழைக்கிறார். நினைவிழந்து கிடக்கும் ஹெக்டரின் படுக்கையருகே அமர்ந்து தன் இளமைக்கால நிகழ்ச்சியொன்றைக் கூறுகிறார். தான் பேணி வளர்த்த பழமரத்தின் கனிகளைத் தின்ற கோவாட்டி என்னும் விலங்கைக் கண்ணிவைத்துப் பிடித்ததும், கால் முறிந்து தப்பி ஓடி வீட்டடியில் ஒளிந்த அதற்காக இரவுவரை காத்திருந்ததும் அக்கதை. கொல்வதே இரக்கம் என்றிருந்தும் அவர் அதைக் கொல்லாமல் வைத்துக்கொண்டார்.

சிகிச்சையால் ஹெக்டர் சிறிது சிறிதாகத் தேறுகிறார். விரல் அசைகிறது, எழுத்தட்டையைக் கொண்டு விடையளிக்க இயல்கிறது. பயிற்சியின்போது அவர் ஒரு குவளையைத் தட்டிவிடுகிறார். செவிலி குனிந்து துடைக்கிறார். பதிவுசெய்த அக்காட்சியைப் பார்க்கும் கஸ், அது தவறுதலன்று, குனியும் செவிலியைக் காணவேண்டிச் செய்த குறும்பு என்பதைக் கண்டுகொள்கிறார். உள்ளே பழைய ஹெக்டர் முழுமையாக இருக்கிறார். மேலும் முன்னேற்றம் காணலாம் என மருத்துவர் நம்புகிறார். சிகிச்சை போதும் என்று கஸ் அவரை அனுப்பிவிடுகிறார்.

இவ்விடத்தை ஊன்றி நோக்கவேண்டும். ஹெக்டரின் நோய் ஒருவன் செய்த சூழ்ச்சியால் வந்தது. ஆனால் அவரது பேச்சின்மை நிலைபெற்றது நோயால் மட்டுமன்று. கிடைத்திருக்கக்கூடிய மறுவாழ்வுச் சிகிச்சையை அதிகாரமுடைய ஒருவர் நிறுத்தியதால். 2009இல் இயற்கையாகத் தோன்றிய ஓர் உடல்நிலை, ஒன்பதாண்டுகள் கழித்து ஒருவரது முடிவின் விளைவாக மாறிவிடுகிறது. உடலின் குறை ஒருபுறமிருக்க, அக்குறையுடையவர் எந்த அளவு வாழமுடியும் என்பதைச் சுற்றியிருப்போரின் முடிவுகளே தீர்மானிக்கின்றன என்று ஊனமுற்றோர் இயக்கங்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் கருத்தை, குற்றக்கதையொன்று தன் போக்கில் வந்தடைந்துள்ளது. ஹெக்டர் இரக்கத்திற்குரியவர் அல்லர் என்பது இதன் வலிமையைக் குறைக்கவில்லை, கூட்டவே செய்கிறது. நல்லவர்க்கு இழைக்கப்பட்டிருப்பின் கண்ணீரோடு கடந்துபோயிருப்போம். ஹெக்டருக்கு இழைக்கப்படும்போது, இத்தண்டனை தகுமா என்னும் வினா எழுகிறது. பார்வையாளர் பலர் தகும் என்றே கருதக்கூடும். உடற்குறையைத் தண்டனையாகக் காணும் பழைய மனப்போக்கு அங்கேதான் மறைந்திருக்கிறது.

மணிக்கும் நாடகம் ஒரு முற்கதை வழங்குகிறது. மற்றொரு மருமகனான லாலோ அதனைக் கொண்டுவந்து தருகிறான். தன்னை மதியாத விடுதிக்காரர் ஒருவரை ஹெக்டர் கொடுமைப்படுத்தி விடுதியைத் தீக்கிரையாக்கிய நாளில் நினைவுப்பொருளாக எடுத்துவைத்த மணி அது. பேச்சிழந்தவரின் மொழிக்கருவி, அவர் பேசித் திரிந்த காலத்துக் குற்றத்தின் எச்சமாகவும் இருக்கிறது.

இலக்கியத்தில் இப்பாத்திரத்திற்கு முன்னோர் ஒருவர் உளர். 1844 முதல் 1846 வரை இதழில் தொடராக வந்த அலெக்சாந்தர் துமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' புதினத்தில் வரும் நோர்த்தியே, ஒருகாலத்தில் நெப்போலியன் சார்பாகச் சதிசெய்தவர். வாதத்தால் உடல் முழுதும் செயலிழந்தவர். கண்ணிமையால் ஆம், இல்லை என்கிறார். பேத்தி எழுத்துகளைச் சொல்லி, அகராதியைப் புரட்டி அவர் கருதிய சொல்லைக் கண்டறிகிறாள். பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. நோர்த்தியேக்கு அன்பால் மொழிபெயர்க்கும் பேத்தி இருக்கிறாள். ஹெக்டருக்கோ வாய்த்தது ஊதியத்திற்குப் பணிபுரியும் செவிலியும், எழுத்தட்டையும்.

அதே அட்டையே இறுதியில் கஸ்ஸை வீழ்த்துகிறது. 2011 அக்டோபர் 9 அன்று ஒளிபரப்பான நான்காம் பருவ இறுதிப் பகுதியில், ஹெக்டர் போதைப்பொருள் தடுப்புத் துறை அதிகாரியைச் சந்திக்க விரும்புவதாகச் செவிலி எழுத்துக்கூட்டி அறிகிறார். அலுவலகம் சென்றபின் ஹெக்டர் உச்சரிக்கவைப்பதெல்லாம் வசைச்சொற்களே. ஆயினும் அவர் அங்குச் சென்ற செய்தியே கஸ்ஸுக்குப் போதுமானதாகிறது. காட்டிக்கொடுத்தவனைத் தன் கையாலேயே கொல்ல அவர் முதியோர் இல்லம் வருகிறார். இதுவரை நிமிர மறுத்த ஹெக்டர் அப்போது அவரை நேர்நின்று பார்க்கிறார். மணியைத் தொடர்ந்து தட்டுகிறார். நாற்காலியின் அடியில் வால்டர் பொருத்திய வெடிகுண்டு வெடிக்கிறது.

இப்பாத்திரத்தில் நடித்த மார்க் மார்கோலிஸ் (1939–2023) 2012இல் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அவர் உடற்குறையுடையவர் அல்லர். பக்கவாதத்தால் பேச்சிழந்திருந்த தம் மாமியாரின் வாயசைவிலிருந்தே ஹெக்டரின் வாயசைவை அமைத்துக்கொண்டதாக அவர் கூறியுள்ளார். அதே நாடகத்தில் வால்டரின் மகனாக நடித்த ஆர். ஜே. மிட், பெருமூளை வாதம் உடையவர். அவரது குறை பாத்திரத்தின் குறையைவிட மென்மையானது என்பதால், ஊன்றுகோலுடன் நடக்க அவர் பயிற்சி பெறவேண்டியிருந்தது. அம்மகனுக்கு உடற்குறை ஏன் வந்தது என்று நாடகம் விளக்க முற்படவில்லை. அவன் காலையுணவு உண்கிறான், கார் ஓட்டக் கற்கிறான், தந்தையோடு சண்டையிடுகிறான்.