தொழில்முறை முக்குளிப்புப் பயிற்சி

பாலத் தூண், துறைமுகச் சுவர், கப்பலின் அடிப்புறம், கடலடி எண்ணெய்க் குழாய் ஆகியவற்றில் நீருக்கடியில் கூலிக்கு வேலை செய்வோர் பெறும் பயிற்சி. குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசிப்பது, கலங்கிய நீரில் கையால் தடவியே வேலை பார்ப்பது, இரும்பை வெட்டுவது, வெல்டிங் செய்வது, அழுத்த அறையை இயக்குவது, மேலே நின்று சக முக்குளிப்பாளரின் கயிற்றைப் பிடிப்பது எல்லாம் இதில் சேரும். பொழுதுபோக்காக மூழ்குவோர் வைத்திருக்கும் சான்றிதழ் இந்த வேலைக்குச் செல்லாது.

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் எந்தப் பள்ளிக்கும் போனதில்லை. மூச்சடக்கி இறங்குபவர் நெஞ்சில் பிடித்த காற்றோடு போய், அது தீருமுன் திரும்பிவிடுவார். பள்ளி தேவைப்பட்டது, மேலிருந்து காற்றை அழுத்தி அனுப்பி ஒருவரை நெடுநேரம் கீழே நிறுத்தி வைக்க முடிந்த பிறகுதான்.

அதற்கு வழி செய்தவர்கள் இங்கிலாந்தின் டீன் சகோதரர்கள். புகைக்குள் நுழைவதற்காகச் செய்த தலைக்கவசத்தைக் கடலுக்கு ஏற்ப மாற்றி, அதைக் கையாளும் முறையை 1836-இல் சிறு கையேடாகவும் வெளியிட்டனர். அடுத்து அகஸ்டஸ் சீபே உடல் முழுவதையும் மூடும், நீர் புகாத உடையைச் செய்தார். 1782-இல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கிய ‘ராயல் ஜார்ஜ்’ போர்க்கப்பலின் சிதைவை 1839 முதல் அகற்றிய கர்னல் சார்லஸ் பாஸ்லியின் ராணுவப் பொறியாளர்கள் இந்த உடையைத் தேர்ந்துகொண்டார்கள். இருவர் இருவராக இறங்கும் வழக்கத்தின் தொடக்கமாகவும் இந்தப் பணியையே குறிப்பிடுவர். இதில் கிடைத்த பாடங்களைக் கொண்டு பிரிட்டிஷ் கடற்படை 1843-இல் முதல் முக்குளிப்புப் பள்ளியைத் தொடங்கியது.

உடையையும் காற்றுப் பம்பையும் கையாள அந்தப் பள்ளி கற்றுக்கொடுத்தது. பத்திரமாக மேலே வருவது எப்படி என்பதை அதனால் கற்றுக்கொடுக்க முடியவில்லை, ஏனெனில் அது யாருக்கும் தெரியாது. பாஸ்லியின் ஆட்களுக்கு மூட்டுவலி ஓயாமல் வந்தது. ஈரமும் குளிரும்தான் காரணம் என்று நினைத்தார்கள். அழுத்தத்தில் உடலுக்குள் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலேறும்போது குமிழியாகப் பிரிவதே காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878-இல் காட்டினார். அது தெரிந்த பிறகும், எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்ற கணக்கு வர முப்பது ஆண்டுகள் பிடித்தன.

அந்தக் கணக்கைப் போட்டவர் உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன். இரும்பு அறைக்குள் ஆடுகளை அடைத்து, அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். வலி எடுத்த ஆடு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கணக்கை மனிதர்களிடம் சோதிக்க, 1906-இல் ஸ்காட்லாந்துக் கடலில் டேமன்ட், கேட்டோ என்ற இரு கடற்படையினர் 210 அடி, அதாவது சுமார் 64 மீட்டர் ஆழம்வரை சென்று திரும்பினர். ஆழத்தையும் கீழே இருந்த நேரத்தையும் பொறுத்து, எந்தெந்த மட்டத்தில் எத்தனை நிமிடம் நின்று ஏற வேண்டும் என்று சொல்லும் அட்டவணை 1908-இல் வெளியானது. இந்தப் பயிற்சியின் வரலாற்றில் தலைக்கவசத்தைவிடப் பெரிய திருப்பம் இந்த அட்டவணைதான். உடல்வலு கொண்டவனைத் தேடிய தொழில் அதன் பிறகு கணக்குத் தெரிந்தவனையும் கேட்டது.

இரண்டாம் உலகப் போர் பயிற்சியைப் பெருக்கியது. 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறையில் தீப்பிடித்துக் கவிழ்ந்த ‘நார்மண்டி’ கப்பலையே அமெரிக்கக் கடற்படை முக்குளிப்பாளர்களுக்குப் பயிற்சிக் களமாக்கியது.

அதுவரை பெரும்பாலும் கடற்படையின் கையில் இருந்த பயிற்சியை எண்ணெய் வெளியே இழுத்து வந்தது. 1969-இல் வடகடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. அங்கே ஆழம் அதிகம், நீர் கடுங்குளிர், ஆட்களுக்கோ அவசரத் தேவை. சாதாரணக் காற்றுக்குப் பதிலாக ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்து, வாரக்கணக்கில் கப்பல்மேல் அழுத்த அறையிலேயே வசித்து, வேலை முடிந்ததும் பல நாள்கள் செலவிட்டு ஒரே முறை அழுத்தம் இறக்கும் முறை பரவியது. அனுபவம் குறைந்தவர்களும் இறங்கினர். சாவுகள் தொடர்ந்தன. பிரிட்டன் 1974-இல் கடல்மேடைகளில் முக்குளிப்புக்கு விதிகள் வகுத்தது. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் கடற்கழிக் கரையில் பயிற்சி மையம் எழுந்தது. 1981 விதிகள் பயிற்சிச் சான்றிதழையும் மருத்துவத் தகுதியையும் வலியுறுத்தின. 1997-இல் அவை புதுப்பிக்கப்பட்டன.

1983 நவம்பர் 5 அன்று நார்வே கடற்பகுதியில் ‘பைஃபோர்ட் டால்ஃபின்’ மேடையில், கதவு மூடி முடியுமுன் அழுத்த அறையை இணைத்திருந்த கவ்வி திறக்கப்பட்டது. ஒன்பது வளிமண்டல அழுத்தம் நொடியில் ஒன்றாகச் சரிந்து, முக்குளிப்பாளர் நால்வரும் வெளியே நின்ற உதவியாளர் ஒருவரும் இறந்தனர். மேலே நிற்பவரின் பயிற்சியும் உயிர்ப் பிரச்சினை என்பதை இது காட்டியது. ஆனால் தவறான நேரத்தில் கவ்வி திறக்காதபடி தடுக்கும் பூட்டு அங்கே இருக்கவில்லை. கருவியின் குறையை மனிதத் தவறு என்று எழுதிவிட்டுப் போவது எளிது.

பயிற்சியின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது. ஹால்டேனின் அட்டவணை எல்லாருக்கும் பொதுவாக அச்சானது. வடகடலிலோ முக்குளிப்பு நிறுவனங்கள் தத்தம் அட்டவணைகளைத் தொழில் ரகசியமாக வைத்திருந்தன. சீக்கிரம் மேலேற்றும் அட்டவணை பணத்தை மிச்சப்படுத்தியது. அதில் என்ன ஆபத்து என்று இறங்கியவருக்குத் தெரியாது. உடல்நலம் கெட்ட முக்குளிப்பாளர்கள் தொடுத்த வழக்கில், அந்த ஆபத்தைத் தாங்களே எடைபோடத் தேவையான தகவல் அவர்களுக்குக் கிடைக்கும்படி நார்வே அரசு செய்யத் தவறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 டிசம்பர் 5 அன்று தீர்ப்பளித்தது.