ஆட்டோகான்ஃப்
ஆட்டோகான்ஃப் என்பது மூலநிரலாக வழங்கப்படும் மென்பொருளைப் பல்வேறு யுனிக்சு வகை இயங்குதளங்களில் தொகுப்பதற்கேற்ப அமைத்துத் தரும் குனூ திட்டக் கருவியாகும். 1991 இல் டேவிட் மெக்கென்சி இதனை எழுதத் தொடங்கினார். அதற்கு முன், பயனர் தம் கணினிக்கேற்ப மேக்ஃபைல் என்னும் கோப்பைக் கையால் திருத்துவதே பெரிதும் வழக்கமாக இருந்தது.

நிரலாளர் முதலில் கான்ஃபிகர்.ஏசி என்னும் கோப்பை எழுத வேண்டும். ஆட்டோஸ்கேன் கட்டளை மூலநிரலை ஆராய்ந்து இதற்கொரு முன்வரைவைத் தரும். ஆயினும் அதனைச் சரிபாராமல் பயன்படுத்தலாகாது. பொதியின் பெயர், பதிப்பு எண் ஆகியவற்றை நிரலாளரே நிரப்ப வேண்டும். இக்கோப்பிலிருந்து எம்4 மொழியின் துணையுடன் கான்ஃபிகர் என்னும் ஷெல் நிரல் உருவாக்கப்படுகிறது. அது பயனரின் கணினியில் சிறு சோதனை நிரல்களைத் தொகுத்துப் பார்த்து, உள்ள வசதிகளை அறிந்து, மேக்ஃபைலை ஆக்குகிறது. இதற்குப் பயனரிடம் ஆட்டோகான்ஃப் இருக்க வேண்டியதில்லை. சோதனை தவறினால் காரணத்தைக் கான்ஃபிக்.லாக் கோப்பில் காணலாம்.