சாலை விபத்துக் காயமும் இழப்பீடும்: மருத்துவமனைப் பதிவுகளின் பங்கு

பிறர் ஓட்டிய வாகனம் மோதிக் காயமடைந்தவர், அவ்வாகனத்தின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு பெறச் சட்டம் வழிசெய்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பொதுச் சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்திற்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆயினும், விபத்து நிகழ்ந்த அன்று மருத்துவமனையில் எழுதப்பட்ட பதிவு பிழையாக இருப்பதால் உரிய இழப்பீட்டை இழப்போர் பலர். அப்பிழையைத் தவிர்க்கும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் சிகிச்சை

விபத்து நேர்ந்தவுடன் 108 எண்ணை அழைக்க வேண்டும். காவல்துறை வரும்வரை சிகிச்சையைத் தள்ளிவைக்கக் கூடாது என 1989-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ், பட்டியலில் உள்ள அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. இலவசச் சிகிச்சை பெற்ற காரணத்தால் இழப்பீடு கோரும் உரிமை பறிபோகாது. வருமான இழப்பு, வலியும் வேதனையும், எதிர்காலச் சிகிச்சைச் செலவு ஆகியவற்றுக்கு அதன் பிறகும் இழப்பீடு கோரலாம்.

விபத்துப் பதிவேடு

அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் முதலில் எழுதும் ஆவணம் விபத்துப் பதிவேடு ஆகும். நோயாளி வந்த நேரம், அழைத்து வந்தவர், விபத்து நிகழ்ந்த நாள், நேரம், இடம், காயம் ஏற்பட்டதாகச் சொல்லப்படும் காரணம், உடலின் அடையாளக் குறிகள், ஒவ்வொரு காயத்தின் இடமும் அளவும் ஆகியவை அதில் இடம்பெறும். யார் மீது தவறு என்பதை மருத்துவர் முடிவு செய்வதில்லை. சொல்லப்பட்டதையும் உடலில் கண்டதையும் மட்டுமே அவர் எழுதுகிறார்.

காவல் நிலையத்திற்கு அலைய நேரிடும் என்று அஞ்சியும், மோதியவர் ‘செலவை நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னதை நம்பியும், ‘வண்டியிலிருந்து தானாக விழுந்துவிட்டார்’ என்று உறவினர்கள் சொல்வது உண்டு. அதுவே பதிவேட்டில் ஏறும். சில நாட்களில் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டு, மோதியவரும் விலகிக்கொண்ட பின்னர், குடும்பத்தினர் பதிவைத் திருத்தித் தருமாறு மருத்துவரிடம் கேட்கின்றனர். மருத்துவரால் அவ்வாறு திருத்த இயலாது. பிற்பாடு வழக்குத் தொடர்ந்தாலும், காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுத்துக்காட்டுவது அந்த முதல் வரியைத்தான். ஆகவே,

• நடந்ததை நடந்தவாறே கூறுங்கள். கார், லாரி, பேருந்து என மோதிய வாகனத்தின் வகையையும், தெரிந்தால் அதன் பதிவு எண்ணையும் தெரிவியுங்கள்.
• சிறிய சிராய்ப்பு, பல் ஆட்டம், காது அடைப்பு என அனைத்தையும் கூறுங்கள்.
• நினைவிழந்த நோயாளியை அழைத்து வந்தவர், தாம் நேரில் கண்டதை மட்டும் கூறினால் போதும். நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, கடும் தலைவலி, அரைமயக்கம் ஆகியவையும், வயிற்றில் அடிபட்டவருக்கு வயிற்று வலியும் சில மணி நேரமோ ஓரிரு நாட்களோ கழித்துத் தோன்றலாம். அப்போது உடனே மருத்துவமனைக்குத் திரும்பி, முந்தைய விபத்தைக் குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். இது உயிர்காக்கும் செயல், இழப்பீட்டுக்கும் சான்றாகும்.

கொடுங்காயம் என்பது எது?

காயச் சான்றிதழில் ‘எளிய காயம்’ அல்லது ‘கொடுங்காயம்’ என மருத்துவர் குறிப்பிடுவார். எலும்பு அல்லது பல் முறிவு, பார்வை அல்லது கேட்கும் திறனின் நிலையான இழப்பு, முகத்தில் நிலையான உருக்குலைவு, உயிருக்கு ஆபத்தான காயம் ஆகியவை கொடுங்காயம் எனப்படும். 15 நாட்கள் கடும் வலி தரும் அல்லது அன்றாடப் பணிகளைச் செய்யவிடாத காயமும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி கொடுங்காயமே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின் கீழ், எதிர்த்தரப்பின் தவற்றை மெய்ப்பிக்காமலேயே, கொடுங்காயத்திற்கு 2.5 லட்சம் ரூபாயும் உயிரிழப்பிற்கு 5 லட்சம் ரூபாயும் கோரலாம். தவற்றை மெய்ப்பிக்க இயலுமானால், 166-ஆம் பிரிவின் கீழ் உண்மையான இழப்பு முழுவதையும் கோரலாம்.

பாதுகாக்க வேண்டிய ஆவணங்கள்

• முதல் தகவல் அறிக்கையின் நகல் (தகவல் தந்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இது இலவசம்)
• விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்றிதழ்
• மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கம் (டிஸ்சார்ஜ் சம்மரி)
• எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களும் அவற்றின் அறிக்கைகளும்
• மருந்து, போக்குவரத்து, உதவியாளர் செலவுக்கான ரசீதுகள்
• ஊதியச் சான்று, பணிக்குச் செல்லாத நாட்களின் விவரம்

ஆவணங்களில் பெயரும் வயதும் ஆதார் அட்டையில் உள்ளவாறே உள்ளனவா என்பதை மருத்துவமனையிலேயே சரிபாருங்கள். சிகிச்சை முடிவதற்கு முன்பு, ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்னும் பொருள்பட எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள்.

இயலாமை விழுக்காடு

நிலையான இயலாமை உண்டா என்பதைச் சிகிச்சை முடிந்து, உடல்நிலை மேலும் மாறாத நிலையை அடைந்த பின்னரே மதிப்பிட முடியும். மருத்துவர் தருவது உடல் உறுப்பின் இயலாமை விழுக்காடு மட்டுமே. வருமானம் ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தீர்ப்பாயமே முடிவு செய்யும். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் தெளிவுபடுத்தியுள்ளது. கணுக்கால் விறைத்துப்போன ஒருவர் அலுவலக எழுத்தராக இருந்தால் பணியைத் தொடரலாம். தென்னை மரம் ஏறுபவராக இருந்தால் அவரது பிழைப்பே நின்றுவிடும். எனவே, உங்கள் தொழிலில் எந்த அசைவு தேவை, எது இப்போது இயலவில்லை என்பதை மதிப்பீட்டின்போது மருத்துவரிடம் விளக்கமாகக் கூறுங்கள்.

எங்கே, எப்போது விண்ணப்பிப்பது?

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விபத்து நிகழ்ந்த இடம், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் ஒன்றுக்குரிய தீர்ப்பாயத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத் திருத்தம், விபத்து நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. எலும்பு கூடட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் அக்காலம் கடந்துவிடும். சிகிச்சை தொடர்ந்துகொண்டிருந்தாலும் விண்ணப்பித்துவிட்டு, இயலாமைச் சான்றைப் பின்னர் அளிக்கலாம். வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

மோதிய வாகனம் நிற்காமல் சென்று, அடையாளம் தெரியாவிட்டாலும் வழி உண்டு. அத்தகைய விபத்துகளில் உயிரிழப்பிற்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு 50 ஆயிரம் ரூபாயும் வழங்க 2022-ஆம் ஆண்டின் மத்தியத் திட்டம் வகைசெய்கிறது. இதற்கு உரிய வருவாய்க் கோட்ட அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

மருத்துவமனையில் முதல் நாள் நீங்கள் சொல்லும் சொல்லே வழக்கின் கடைசி நாள்வரை உடன் வரும். அச்சமின்றி உண்மையைக் கூறுங்கள்; எழுதப்பட்டதன் நகலைக் கேட்டுப் பெறுங்கள்.