திவாலான வளையம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். இருட்டியபிறகு பைக்கில் ஏறும் ஒருவருக்கு, எதிரே இறங்கும் பஸ்ஸின் விளக்கு நாலைந்தாகச் சிதறித் தெரிந்தால்?

கெரட்டோகோனஸ் வந்தவர்களின் அவஸ்தை அது. கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியா, அரை மில்லிமீட்டர் கனம்தான். அது மெலிந்து கூம்பு போலப் புடைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் டீன் ஏஜில் ஆரம்பம். சேர்வராயன் மலைக்கு மேடு பள்ளம் காட்டும் வரைபடம் போடுகிறார்களே, அதே மாதிரி இந்தக் கண்ணுக்கும் கலரில் ஒரு படம் எடுக்கிறார்கள். சிவப்பு என்றால் செங்குத்து!

1854-லேயே இங்கிலாந்து டாக்டர் ஜான் நாட்டிங்ஹாம் இந்த நோயைப் புத்தகமாக எழுதிவிட்டார். வைத்தியம்தான் சுலபமாக இல்லை. முடிந்தவரை கான்டாக்ட் லென்ஸ். முற்றினால், இறந்தவரின் கார்னியாவை எடுத்துப் பொருத்த வேண்டும். நடுவில் வேறு வழி?

அது வேறொரு வியாபாரத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் கெராவிஷன் கம்பெனி, லேசான கிட்டப்பார்வைக்காக ‘இன்டாக்ஸ்’ என்ற பிளாஸ்டிக் அரைவளையங்களைத் தயாரித்தது. 1999-ல் அரசு அனுமதியும் கிடைத்தது. ஆனால் லேசர் சிகிச்சை சந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. 2001-ல் கம்பெனி திவால். பி.காம் படித்தவன் பாஷையில் சொன்னால், சரக்கில் குறையில்லை. கடை போட்ட இடம் தப்பு.

சரியான இடத்தை பிரான்ஸ் டாக்டர் ஜோசப் கோலன் அதற்கு முன்பே கண்டுவிட்டார். 1997-ல் கெரட்டோகோனஸ் கண்ணில் அதே வளையத்தைச் செருகினார். கார்னியாவின் ஓரத்தில் வளையம் புகுந்தால் நடுமேடு இழுபட்டுத் தாழும். அவ்வளவுதான் சூட்சுமம். பிரேசிலில் பாவ்லோ ஃபெராராவும் தனியாக ஒரு வளையம் செய்திருந்தார். 2004-ல் அமெரிக்காவும் கெரட்டோகோனஸுக்கு இதை அனுமதித்தது.

வளையம் வந்துவிட்டதே, நோய் போய்விடுமா? போகாது. மேடு குறையும், பார்வை தேறும், கண்ணாடி தேவைப்படலாம். நோய் வளராமல் நிறுத்த ‘கிராஸ் லிங்க்கிங்’ என்று தனி சிகிச்சை உண்டு. தவிர, மெலிந்த கார்னியாவில் பிளாஸ்டிக் சிலசமயம் அரித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பிளாஸ்டிக் எதற்கு என்று கேட்டவர் சென்னை அகர்வால் கண் மருத்துவமனையின் டாக்டர் சூசன் ஜேக்கப். தானமாக வந்த கார்னியாவையே வளையமாக நறுக்கி உள்ளே வைத்தார். 20 பேரின் 24 கண்களில் கிடைத்த பலனை 2018-ல் வெளியிட்டார். ‘கெய்ர்ஸ்’ என்று பெயர். இன்று துருக்கி, ஆஸ்திரேலியா டாக்டர்களும் செய்கிறார்கள்.

இதில் இன்னொரு லாபம். உள்பக்கச் செல்கள் குறைந்த கார்னியாவை முழுசாக மாற்றிப் பொருத்த முடியாது. வளையத்துக்கு அந்தச் செல்கள் தேவையே இல்லை!

நாட்டின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னையில்தான் தொடங்கியது. ஆனாலும் சாவு வீட்டில், ‘வயசானவர் கண்ணு யாருக்கு ஆகப்போகுது?’ என்று இன்னமும் கேட்கிறோம். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்கு ஒரு போன் போடுங்கள். ஆகுமா ஆகாதா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அப்படியே, வீட்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளை இருந்தால், அதட்டிவிட்டு விடாதீர்கள். ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.