சாலையோரக் கட்டடங்களும் சரித்திரமும்

வரலாறு என்றவுடன் கோட்டைகளையும் கோபுரங்களையும் எண்ணுவது நம்மவர் இயல்பு. நடந்தும் வண்டி கட்டியும் ஊர்வழி சென்ற எளிய மக்களின் வரலாறோ சாலையோரத்தில் நிற்கிறது. வில்லியனூரை அடுத்த ஒதியம்பட்டு போன்ற சிற்றூர்களின் வழிகளில் பழைய திண்ணை வீட்டையோ, சாவடியையோ, சுமைதாங்கிக் கல்லையோ புகைப்படம் எடுப்பவர் உள்ளத்தில் எழும் முதல் வினா, 'இதைக் கட்டியவர் யார்?' என்பதே. ‘ஒதி பெருத்தால் உத்தரம் ஆகுமா?’ என்பது பழமொழி. பருமனைக் கொண்டு பயனை அளத்தல் கட்டடங்களுக்கும் பொருந்தாது.

கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. சாவடிக்குப் பெரும்பாலும் இல்லை. ஆயினும் கட்டுமானமே சான்று பகரும். கூரையில் மங்களூர் ஓடு இருப்பின், அக்கூரை வேய்ந்த காலம் 1865க்குப் பிற்பட்டது; அவ்வாண்டில்தான் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. கூரை பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கவும் கூடும் என்பதால், சுவரின் செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் உடன் நோக்க வேண்டும்.

புறத்தோற்றம் மயக்கும் என்பதற்கு இவ்வட்டாரத்திலேயே ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. வில்லியனூருக்கு வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் பொலிந்த ஒரு மாளிகையைக் கோயிலெனக் கருதி வணங்கினாராம். அது ஆயி என்னும் தேவதாசியின் இல்லம் என அறிந்ததும் இடிக்க ஆணையிட்டாராம். ஆயியோ தானே அதை இடித்து, அவ்விடத்தில் மக்களுக்குக் குளம் வெட்டினாள் என்பர். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து புதுச்சேரி நகருக்குக் குடிநீர் கொணரப்பட்டது. அதன் நினைவாக எழுந்த ஆயி மண்டபம் இன்றும் பாரதி பூங்காவில் நிற்கிறது. இடித்த வீடு மறைந்தது. ஈந்த நீர் நிலைத்தது.

1858இல் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து ஒன்றாக இணைத்தார். 1955இல் தோன்றிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படத்தொகுப்பு இலட்சத்தைக் கடந்தது. இவை பெரிதும் கோயில்களையே நாடின. புதுச்சேரிக் கடற்கரையின் பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தபோது, அதன் தோற்றத்தை அறிந்தோர் பலர் இருந்தனர். முந்தைய வடிவிலேயே எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. சாலை அகலமாகும்போது வீழும் சிற்றூர்ச் சாவடிக்கு அந்தப் பேறு இல்லை. அதற்கு எஞ்சுவது ஒரு படம் மட்டுமே. அதையும் எவரேனும் எடுத்திருந்தால்தான்.

படம் மட்டும் போதுமா? ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டன. அச்சாலையின் கட்டடம் இன்றில்லை. செப்பேடு அதன் புகழைக் காத்தது. எழுத்து இருந்ததால் கட்டடம் இன்றியும் வரலாறு பிழைத்தது. எழுத்தில்லாச் சாவடியோ, கட்டடம் வீழ்ந்தால் வரலாறும் வீழும். ஆகவே எடுக்கும் ஒவ்வொரு படத்தின் பின்புறமும் ஊர், நாள், முதியோர் கூறும் செய்தி ஆகியன எழுதப்படுதல் வேண்டும். அந்த நான்கு வரிகளே அக்கட்டடத்தின் செப்பேடு.