சல்லடையும் கண்ணும்

முத்துநகரில் படித்தவர்கள் நாம். ஆனால் முத்தை எப்படித் தரம் பிரித்தார்கள் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம்.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். சிப்பியிலிருந்து எடுத்த முத்துக்களை அந்நாளைய வியாபாரிகள் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். முதல் சல்லடையில் 20 துளை, பத்தாவதில் 1000 துளை. பருமன் பார்த்துப் பிரிக்கும் வேலையை அது சுருக்கா முடித்துவிடும். ஆனால் உருட்சியும் ஒளியும் பார்த்து, 'ஆணி' என்று முதல் தரம் சொல்வது மனிதக் கண்தான்.

நான் பிழைக்கும் கம்ப்யூட்டர் துறையிலும் இதே கதைதான். எந்திர மொழியில் ஒவ்வொரு கட்டளையாக எழுதிய காலத்தில், 1952-இல் கிரேஸ் ஹாப்பர் 'ஏ-0' என்ற கம்பைலரை உருவாக்கினார். 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரானைத் தந்தது. அன்று இதற்குப் பெயரே 'தானியங்கி புரோகிராமிங்'. ஆனால் புரோகிராமர்கள் குறையவில்லை, பெருகினார்கள்.

2021-இல் கிட்ஹப் கோபைலட்டும், 2022 நவம்பரில் சாட்ஜிபிடியும் வந்தன. பக்கத்துத் தென்காசியில் 2011 முதல் அலுவலகம் நடத்தும் ஸோஹோ, 2025-இல் சொந்த மொழி மாதிரியையே அறிவித்தது. இன்று புரோகிராம் எழுதுவது, சோதனை எழுதுவது, பழைய புரோகிராமை விளக்குவது எல்லாம் ஏ.ஐ. செய்கிறது. ஆனால் 2025-இல் 'மெட்ர்' என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 பேரை வைத்துச் சோதித்தது. ஏ.ஐ. துணையோடு அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள்!

என் சொந்த அனுபவம் ஒன்று. கண்டெய்னர் வாடகை கணக்கிடும் புரோகிராமை எங்கள் குழுவில் ஒரு தம்பி ஏ.ஐ. கொண்டு எழுதினான். சோதனைகளும் அதுவே எழுதியது. எல்லாம் பாஸ். முன்பு துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அண்ணாச்சி ஒருவர் மட்டும், "ஏல, ராத்திரி ரெண்டு மணிக்குப் பெட்டி இறங்கினா எந்தத் தேதி போடும்?" என்று கேட்டார். பார்த்தால் அது கிரீன்விச் நேரத்தில் கணக்குப் போட்டு, முந்தின நாள் தேதியைப் போட்டிருந்தது. வாடிக்கையாளர் தலையில் ஒரு நாள் வாடகை கூடுதலாக விழுந்திருக்கும். தப்பு செய்த கையே சோதனையும் எழுதினால், தப்பும் பாஸ்தானே!

எனக்குள்ள கவலை வேறு. நாங்கள் புதிதாகச் சேர்ந்தபோது சில்லறை வேலைகளைச் செய்து, திட்டு வாங்கித்தான் அந்தக் கண்ணைப் பெற்றோம். இன்று அந்தச் சில்லறை வேலைகளை ஏ.ஐ. எடுத்துக்கொண்டால், அடுத்த தலைமுறை கண்ணை எங்கே பெறும்?

2024 டிசம்பரில் நம்மூரில் மினி டைடல் பூங்கா திறந்தாயிற்று. நம் பிள்ளைகள் ஊரிலேயே இந்த வேலை பார்க்க வழி பிறந்திருக்கிறது. எனவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். துறையில் உள்ள பழைய மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கல்லூரிக்கு வந்து, இறுதியாண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஏ.ஐ. எழுதிய புரோகிராமை வரிவரியாகப் பார்க்கலாம். முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன். நீங்களும் வாங்க.