பாதி வேலையோடு வரும் சீவுளி

தச்சுவேலைச் சீவுளி பற்றிக் கன நாளாய் எழுத நினைத்திருந்தேன். தமிழ்நாட்டு நண்பர்கள் இதை இழைப்புளி என்பார்கள். ரெஸ்ரோரண்ட் குசினியில் நிக்கிறவனுக்குச் சீவுளியோடு என்ன அலுவல் என்று கேட்பீர்கள். லீவு நாளில் மரம் சீவுவது என் பொழுதுபோக்கு. என்னிடம் இருப்பது பழஞ்சாமான் சந்தையில் ஐந்து பவுணுக்கு வாங்கின இரும்புச் சீவுளி. "மலிவுச் சீவுளி ஒண்டுக்கும் உதவாது" என்று கன பேர் சொல்லுவார்கள். அப்படிச் சொல்லவேண்டி வந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

சீவுளி ரோமர் காலத்திலேயே இருந்தது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரில் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தில் சில்செஸ்ரரிலும் ஒன்று கிடைத்தது. அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகளாக அடிப்படை பெரிதாய் மாறவில்லை: ஒரு கட்டை, சரிவாக ஓர் அலகு, அதை இறுக்க ஓர் ஆப்பு. ஊரில் நாங்கள் பார்த்த தச்சாசாரியாரின் சீவுளியும் இந்தக் குடும்பம்தான். அலகை ஒரு மயிரளவு இறக்கவேண்டுமென்றால் சுத்தியலால் மெல்லத் தட்டவேண்டும். எவ்வளவு தட்டுவது என்பது கைக்குத்தான் தெரியும். கை பழக வருசங்கள் எடுக்கும்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கர். வார்ப்பிரும்பு உடல், ஆப்புக்குப் பதிலாக நெம்பி இறுக்கும் மூடி, திருகினால் அலகு ஏறி இறங்குகிற சிறு சக்கரம் என்று 1850களிலும் 1860களிலும் காப்புரிமை எடுத்தார். 1869இல் ஸ்ரான்லி நிறுவனம் அவற்றை வாங்கியது. பெய்லியும் கொஞ்சக்காலம் அவர்களோடு வேலை செய்தார். 1875இல் விலகிப் போட்டியாக வேறு சீவுளி செய்யப் போக, நிறுவனம் அவர்மேலேயே வழக்குப் போட்டது. ஆனால் பின்னாளில் அவருடைய பெயரைத்தான் சீவுளியின் முகப்பில் வார்த்து விற்றார்கள். குசினியிலும் இப்படித்தான், கறிக்குப் பெயர் ஒருவருடையது, காசு இன்னொருவருக்கு :-)

காப்புரிமைக் காலம் முடிந்தபின் மற்றவர்களும் இதே அமைப்பைச் செய்தார்கள். ஷெஃபீல்ட்டில் ரெக்கோர்ட் என்ற பெயரில் 1930களில் வந்தவை, ஸ்ரான்லியின் எண்ணுக்கு முன்னால் ஒரு சைபர் மட்டும் போட்டவை. அங்கே 4 என்றால் இங்கே 04!

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மின்சார இயந்திரங்கள் பெருகின. தச்சுத் தொழிலாளி கைச்சீவுளியை விட, மிஞ்சினது வீட்டில் எப்போதாவது ஒரு கதவைச் சீவுகிறவர்கள். அவர்களுக்கு விலைதான் முக்கியம். அதனால் தேய்த்து மட்டமாக்கும் வேலையிலும் பொருத்தும் வேலையிலும் கை வைத்தார்கள். மரக் கைபிடி பிளாஸ்ரிக் ஆனது. அமைப்பு பெய்லியுடையதேதான். தொழிற்சாலை செய்யாமல் விட்ட வேலையை வாங்குகிறவன் செய்யவேண்டும், அவ்வளவுதான்.

அந்த வேலை என்னவென்று சொல்கிறேன்.

முதலில் அடிப்பாகம். தடித்த கண்ணாடியில் அரத்தாளை ஒட்டி அதன்மேல் தேய்க்கவேண்டும். அலகை உள்ளே இழுத்துவிட்டு, மூடியை வழக்கம்போல இறுக்கியபடியே தேய்க்கவேண்டும்; இறுக்கும்போது உடல் கொஞ்சம் வளையும். முன் நுனி, அலகு வருகிற வாயின் முன்விளிம்பு, பின் நுனி ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் பட்டால் போதும். அலகு உட்காருகிற இடத்தில் பெயின்ற் கட்டிகள் இருந்தால் அரத்தால் எடுத்துவிடுங்கள். அலகு ஆடினால் மரம் அலைஅலையாய் வரும்.

அடுத்தது அலகு. தட்டைப் பக்கத்தில் நுனியையொட்டிய பகுதி மட்டும் கண்ணாடிபோல் மினுங்கவேண்டும். சரிவுப் பக்கம் 25 பாகை. நுனியில் மட்டும் 30 பாகையில் சில இழுப்பு. மறுபக்கம் பிசிர் விரலில் தட்டுப்படும்வரை தீட்டிவிட்டு, அந்தப் பிசிரை எடுக்கவேண்டும். கத்தி தீட்டிச் சீவிக்கிறவனுக்கு இது புதிதல்ல. பிசிர் வராமல் கல்லை மாற்றினால் கத்தியும் வெட்டாது, சீவுளியும் சீவாது.

கடைசியாக, அலகின்மேல் திருகிப் பூட்டுகிற இரண்டாவது தகடு. அதன் விளிம்புக்கும் அலகுக்கும் இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. நுனியிலிருந்து அரை மில்லிமீற்றருக்கும் குறைவாய்த் தள்ளிப் பூட்டினால், எதிர்நார் மரம்கூடப் பிய்ந்து வராது. 18ஆம் நூற்றாண்டுத் தச்சருக்கு இது தெரிந்த விசயம். பிறகு கன பேர் மறந்தே போனார்கள். யப்பானில் யமகாட்டா பல்கலைக்கழகத்துக் கவாய், கதோ என்ற ஆய்வாளர்கள் உருப்பெருக்கிப் படமெடுத்துக் காட்டியது 2012 அளவில் மேற்கில் பரவியபிறகுதான் பலரும் திரும்பப் பழகினார்கள்.

எனக்கு யோசனை தருவது இந்த மறதிதான். நூறு வருசத்துக்கு மேலாகத் தச்சர் கையில் இருந்த அறிவு, ஒரு தலைமுறை கைவிட்டதும் ஆய்வுகூடம் போய்த் திரும்பி வரவேண்டியிருந்தது. எங்கள் ஊர் ஆசாரிமாரிடம் இருந்ததை யாரும் படமெடுக்கவில்லை. அவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இப்போது எந்தெந்த நாட்டில் என்ன வேலை செய்கிறார்களோ... உங்கள் வீட்டில் அந்தத் தொழில் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தால், ஒரு மலிவுச் சீவுளி வாங்கி அவர் கையில் கொடுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.